சிறு உணவகங்களுக்கான காற்றோட்டக் கருவிகள்

காற்றோட்டக் கருவிகள் என்பவை உட்காற்றை வெளியேற்றி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவரும் விசிறிகள், காற்றுக்குழாய்கள், அடுப்பின் மேலுள்ள புகைக்கூண்டுகள் ஆகியவை. கூரையில் தொங்கும் மின்விசிறியும் சாதாரண ஸ்பிளிட் ஏ.சி.யும் இவற்றில் சேரா. அவை அறையில் இருக்கும் காற்றையே சுழற்றுகின்றன. எக்ஸாஸ்ட் ஃபேன் வாங்குவோர் இறக்கையின் அளவையும் விலையையும் பார்ப்பது வழக்கம். ஆனால் கருவியின் பயனைத் தீர்மானிப்பது காற்று வந்து போகும் பாதைதான். பாதையை முதலில் வகுத்து, அதற்கேற்ற விசிறியைப் பின்னர் தேர்வதே முறை.

தேவையான காற்றின் அளவை அறிய, அறையின் கன அளவை ஒரு மணி நேரத்தில் காற்று மாற வேண்டிய தடவைகளால் பெருக்க வேண்டும். 4 மீட்டர் நீளமும் 3 மீட்டர் அகலமும் 3 மீட்டர் உயரமும் உள்ள சமையலறையின் கன அளவு 36 கன மீட்டர். மணிக்கு 20 தடவை என்று கொண்டால் 720 கன மீட்டர் காற்று வெளியேற வேண்டும். இது தொடக்கக் கணக்கே. அடுப்புகள் கூடினால் புகைக்கூண்டின் அளவைக் கொண்டு தனியே கணக்கிட வேண்டும். விசிறிப் பெட்டியில் அச்சிடப்படும் அளவு பெரும்பாலும் எதிர்ப்பே இல்லாத நிலையில் கிடைப்பது. குழாயும் வளைவும் எண்ணெய் படிந்த வடிகட்டியும் அதைக் குறைத்துவிடும். அதே காற்றைப் பாதி விட்டமுள்ள குழாயில் செலுத்த ஏறத்தாழ 32 மடங்கு அழுத்தம் வேண்டும். ஆகவே வெளிச்சுவரில் நேரே பொருத்த சாதாரண இறக்கை விசிறி போதும். நீண்ட குழாய்க்கு மையவிலக்கு புளோவர் தேவை. வெளியேறும் அளவுக்குக் காற்று உள்ளே வரவும் வேண்டும்: மணிக்கு 720 கன மீட்டர் காற்று நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் நுழைய 0.2 சதுர மீட்டர் திறப்பு வேண்டும். அத்திறப்பு விசிறியை ஒட்டி இருந்தால் புதிய காற்று அடுப்பை எட்டாமலே வெளியேறிவிடும்.

பெரிய விசிறியே எல்லாவற்றையும் ஈடுசெய்யும் என்பர் சிலர். அடைபட்ட பாதையில் அது இரைச்சலையும் மின்செலவையுமே கூட்டும். விசிறியின் மின்தேவை வேகத்தின் மும்மடியாக மாறுவதால், வேகத்தை 20 விழுக்காடு குறைத்தாலே மின்தேவை ஏறத்தாழப் பாதியாகும். வெளிக்காற்றை விட்டால் ஏ.சி. குளிர்ச்சி வீணாகும் என்ற வாதத்தில் உண்மை உண்டு. அதற்காகக் காற்றை அடைப்பது தீர்வாகாது; புகையை அடுப்பின் மேலேயே கூண்டால் பிடித்தால் வெளியேற்ற வேண்டிய காற்றே குறையும். புகையோடு எரிவாயுக் கசிவையும் கருத வேண்டும். சிலிண்டரில் வரும் சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் தேங்கும். மேலே உள்ள விசிறியை மட்டும் நம்பாமல் தரையோரத்திலும் திறப்பு வைக்க வேண்டும். உணவக உரிமையாளர் விசிறி விற்பனையாளரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: என் குழாயின் எதிர்ப்பில் இந்த விசிறி மணிக்கு எத்தனை கன மீட்டர் காற்றைத் தள்ளும்?