சென்ட்ரல் லாக் பழுது (பழைய கார்கள்)

காரின் எல்லாக் கதவுகளையும் ஒருசேரப் பூட்டித் திறக்கும் மின்பூட்டு. கதவுக்குள் 12 வோல்ட்டில் ஓடும் சிறு மோட்டார், பல்சக்கரம் வழியே ஒரு கம்பியை இழுத்துத் தள்ளும். மாருதி 800 போன்ற பழைய வண்டிகளில் இதைப் பெரும்பாலும் பின்னர் தனியாக வாங்கிப் பொருத்தினார்கள். அந்த வகையில் ஓட்டுநர் கதவு மோட்டாருக்கு வழக்கமாக 5 வயர், மற்றவற்றுக்கு 2.

கடலூர், சிதம்பரம் பக்கம் உப்புக்காற்று பட்டுக் கனெக்டரில் பச்சைக் களிம்பு ஏறும். 2015 வெள்ளத்தில் நடந்தது போலக் கதவு மூழ்கினால் மோட்டாரே துருப்பிடிக்கும்.

எந்தக் கதவும் அசையாவிட்டால் முதலில் பியூஸைப் பார்க்க வேண்டும். ஒரு கதவு மட்டும் என்றால், கதவுக்கும் தூணுக்கும் நடுவிலுள்ள ரப்பர் குழாயைச் சந்தேகியுங்கள். திறந்து மூடி மடங்கியே உள்ளே வயர் அறுந்திருக்கும், வெளியே தெரியாது. வயரில் 12 வோல்ட் வந்தும் மோட்டாரில் சத்தமே இல்லையா? புதிதாக மாற்றுவதே மேல். பல் தேய்ந்த பிளாஸ்டிக் சக்கரத்தை ஒட்டினால் நிலைக்காது.

கதவின் உள்பலகையான டோர் பேடுக்குப் பின்னாலுள்ள பிளாஸ்டிக் தாளைக் கிழிக்காமல் உரித்து, திரும்ப ஒட்டும்படி மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். மழைநீர் உள்ளே வராமல் காப்பது அதுதான். ஐப்பசிக்கு முன்பே கதவின் அடியிலுள்ள வடிகால் துளைகளையும் குச்சியால் குத்திச் சுத்தம் செய்துவிடுங்கள்.