லூக்கா எங்கே படுத்துக்கொண்டது?

காலை இழந்த ஒரு நாய் அன்றைக்கு ராத்திரி எப்படித் தூங்கும்? யோசித்திருக்கிறீர்களா?

மனிதனுக்கென்றால், ‘உயிருக்கே ஆபத்து, அதனால்தான் காலை எடுத்துட்டோம்’ என்று டாக்டர் கையைப் பிடித்துக்கொண்டு சொல்வார். நாய்க்கு யார் சொல்வது? மயக்கம் தெளிந்ததும் அது வழக்கம்போல எழுந்திருக்கப் பார்க்கும். பொத்தென்று விழும். ஏன் விழுந்தோம் என்று புரியாமல் நம் முகத்தைப் பார்க்கும்...

சரித்திரத்தில் ரொம்ப காலத்துக்கு இந்தக் கேள்விக்கே இடமில்லை. காரணம், கால் போன நாயை யாரும் உயிரோடு விட்டுவைக்கவில்லை!

ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேலின் முதல் ‘நோயாளி’ ஒரு நாய் என்பார்கள். இங்கிலாந்தில் கேப் என்ற ஆட்டு நாயின் காலில் சிறுவர்கள் கல்லெறிந்துவிட்டார்கள். கால் முறிந்துவிட்டது என்று நினைத்த ஏழை மேய்ப்பர், அதைத் தூக்கில் தொங்கவிட முடிவு செய்தார். கொடுமைக்காரர் அல்ல. வேலை செய்யாத நாய்க்குச் சோறு போட அவருக்கு வசதியில்லை. அப்போது டீன் ஏஜ் பெண்ணான ஃப்ளாரன்ஸ், பாதிரியாரைக் கூட்டிப் போய்க் காட்ட, ‘எலும்பு முறியவில்லை, வெறும் வீக்கம்தான்’ என்று தெரிந்தது. வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாள். பிழைத்தது. (நிஜமாகவே முறிந்திருந்தால்? கயிறுதான்!)

1846-ல் பாஸ்டன் நகரில் ஈதர் மயக்க மருந்து கொடுத்து எல்லோர் முன்னிலையிலும் ஆபரேஷன் செய்து காட்டினார்கள். வலியில்லாமல் அறுக்க வழி பிறந்தது. மிருகங்களுக்கும் அந்த வழி வந்தது. ஆனால், ஆபரேஷனுக்குப் பிறகு படுக்க ஒரு வீடு வேண்டுமே? ராணுவ நாய்களுக்கு அதுதான் இல்லை. வியட்நாம் போரில் அமெரிக்கா சுமார் 4,000 நாய்களை இறக்கியது. ஊர் திரும்பியவை 200 சொச்சம். காரணம், ராணுவக் கணக்கில் நாய் என்பது ஒரு தளவாடம், அவ்வளவுதான்! வயதான ராபி என்ற நாயை அதன் ஹேண்ட்லர் வீட்டுக்குக் கூட்டிப்போகக் கேட்டும் கொடுக்கவில்லை. அந்த வழக்கத்தை மாற்ற, 2000 நவம்பரில் அதிபர் கிளின்டன் ஒரு சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். பெயரே ‘ராபி சட்டம்’. ராபிக்குத்தான் அது உதவவில்லை. 2001 ஜனவரியில் ஊசி போட்டுக் கருணைக் கொலை செய்துவிட்டார்கள்.

அந்தச் சட்டத்தால் பிழைத்தவர்களில் ஒருத்தி, லூக்கா.

மரைன் படையின் பெண் நாய். இராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் 400-க்கு மேற்பட்ட ரோந்துகளில் முன்னால் நடந்து வெடிகுண்டு மோப்பம் பிடித்தது. அது போன ரோந்துகளில் ஒரு வீரர்கூடச் சாகவில்லை! 2012 மார்ச் 23. ஹெல்மாண்ட் மாகாணத்தில் ஒரு குண்டைக் கண்டுபிடித்துவிட்டு இன்னொன்றைத் தேடும்போது, அந்த இரண்டாவது குண்டு வெடித்தது. முன்னங்கால் போச்சு. மார்பெல்லாம் தீக்காயம். ஹேண்ட்லர் யுவான் ரோட்ரிகெஸ், வேறு குண்டு இருக்குமே என்றுகூடப் பார்க்காமல் ஓடினார். ரத்தம் நிற்கக் கட்டு இறுக்கி, தூக்கிக்கொண்டு மரங்களின் மறைவுக்கு வந்தார். அதற்குப் பிறகு ஆபரேஷன், சிகிச்சை என்று எதிலும் அவர் அதைவிட்டு நகரவில்லை. அது படுத்த இடத்துக்குப் பக்கத்திலேயே படுத்துக்கொண்டார்.

சென்டிமென்ட் என்று நினைக்கவேண்டாம், இது வைத்தியம்! நாய் தன் எடையில் சுமார் அறுபது சதவிகிதத்தை முன்னங்கால்களில்தான் தாங்குகிறது. அதில் ஒன்று போனால் படுப்பது, புரள்வது, எழுவது எல்லாமே புதுசாகக் கற்கவேண்டிய வித்தை. முதல் சில நாட்கள் முனகும். வலியாகவும் இருக்கலாம், வலி மருந்து ஏற்படுத்தும் குழப்பமாகவும் இருக்கலாம். அந்த நேரத்தில் தெரிந்த வாசனை ஒன்று பக்கத்தில் இருந்தால் துள்ளி எழாமல் அடங்கிக் கிடக்கும்.

உங்கள் வீட்டு நாய்க்கே இப்படி ஆகிறதென்று வையுங்கள். வழவழ டைல்ஸ் அதற்கு ஜென்ம எதிரி. வழுக்காத ரப்பர் பாய் போட்டு, அதன்மேல் தடிமனான மெத்தை போடுங்கள். ரொம்ப உயரம் வேண்டாம், இறங்கும்போது விழும். தையல் இல்லாத பக்கமாகப் படுக்க விடுங்கள். தையலை நக்காமலிருக்கக் கழுத்தில் புனல் மாதிரிப் பட்டை. தண்ணீர் கைக்கெட்டும் தூரத்தில், தப்பு, வாய்க்கெட்டும் தூரத்தில்! மூத்திரத்துக்குக் கூட்டிப்போகும்போது ஒரு துண்டை உடம்புக்கடியில் கொடுத்துத் தாங்கிப் பிடியுங்கள். மாடிப்படிக்கு மட்டும் தடா. வலி மாத்திரையை டாக்டர் சொன்ன நேரத்துக்குக் கொடுங்கள். மனிதர்களுக்கான மாத்திரையில் பாதியை உடைத்துப் போடும் வேலை வேண்டவே வேண்டாம். பல மாத்திரைகள் நாய்க்கு விஷம்.

லூக்கா பத்தே நாளில் மூன்று காலில் நடந்தது. அதே வருடம் ஜூலையில் ரோட்ரிகெஸ் அதை விமானத்தில் ஃபின்லாந்தின் ஹெல்சின்கி நகரத்துக்குக் கூட்டிப்போய், அங்கே பணியிலிருந்த அதன் பழைய ஹேண்ட்லர் வில்லிங்ஹாமின் குடும்பத்திடம் ஒப்படைத்தார். தளவாடத்துக்கு வீடு கிடைத்துவிட்டது!

2016 ஏப்ரலில் லண்டனில் லூக்காவுக்கு டிக்கின் பதக்கம் அணிவித்தார்கள். வீரச் செயல் புரிந்த மிருகங்களுக்காக பிரிட்டனில் 1943-ல் ஏற்படுத்தப்பட்ட விருது அது. 2018 ஜனவரியில், பதினாலு வயதில் லூக்கா இறந்துபோனது, வில்லிங்ஹாம் குடும்பத்து நாயாக.