மின்தடையையும் மின்திறனையும் கணித்தல்

ஒரு மின்கருவியின் இரு முனைகளுக்கு இடையே உள்ள மின்னழுத்தத்தையும், அதன் வழியே பாயும் மின்னோட்டத்தையும் அளந்தால், அக்கருவியின் மின்தடையையும் அது எடுத்துக்கொள்ளும் மின்திறனையும் கணிக்கலாம். மின்னழுத்தம் வோல்ட்டிலும், மின்னோட்டம் ஆம்பியரிலும், மின்தடை ஓமிலும், மின்திறன் வாட்டிலும் அளக்கப்படுகின்றன.

அடிப்படைத் தொடர்புகள்

மின்தடை = மின்னழுத்தம் ÷ மின்னோட்டம்
மின்திறன் = மின்னழுத்தம் × மின்னோட்டம்

இவ்விரண்டையும் இணைத்தால் மேலும் இரு வடிவங்கள் கிடைக்கும்:

மின்திறன் = மின்னோட்டம்² × மின்தடை
மின்திறன் = மின்னழுத்தம்² ÷ மின்தடை

செருமானிய இயற்பியலாளர் கியார்கு சைமன் ஓம் மின்னழுத்தம், மின்னோட்டம் ஆகியவற்றின் தொடர்பை 1827 ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டார். மின்னோட்டத்தால் தோன்றும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருப்பதை 1841 இல் சேம்சு சூல் வெளியிட்டார்.

எந்த வாய்பாட்டைப் பயன்படுத்துவது?

கடைசி இரு வடிவங்களும் மாணவரைக் குழப்புவதுண்டு. தடை கூடினால் திறன் கூடும் என்கிறது ஒன்று. குறையும் என்கிறது மற்றொன்று. இரண்டும் சரியே. எது மாறாமல் இருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

230 வோல்ட்டில் 1500 வாட் திறனுள்ள நீர் சூடாக்கி ஒன்றைக் கொள்வோம். அதில் பாயும் மின்னோட்டம் 1500 ÷ 230 = 6.5 ஆம்பியர், தடை ஏறத்தாழ 35.3 ஓம். மின்னழுத்தம் 180 வோல்ட்டாகக் குறைந்தால் திறன் 180² ÷ 35.3, அதாவது ஏறத்தாழ 920 வாட் ஆகும். மின்னழுத்தம் 22 விழுக்காடு குறைய, திறன் 39 விழுக்காடு குறைந்துவிடுகிறது. நீர் சூடாக நெடுநேரம் ஆவதன் காரணம் இதுவே.

இதே சூடாக்கியின் பிளக், சாக்கெட்டில் தளர்வாக இருந்து, தொடும் இடத்தில் அரை ஓம் தடை உண்டாவதாகக் கொள்வோம். 35 ஓமுக்கு முன் அரை ஓம் மிகச் சிறியது. ஆகவே மின்னோட்டம் பெரிதாக மாறாது, நீரும் வழக்கம்போல் சூடாகும். ஆனால் அத்தொடுபுள்ளியில் மட்டும் ஏறத்தாழ 21 வாட் வெப்பமாக வெளிப்படும். ஒரு சிறு பற்றவைப்புக் கோலின் வெப்பத்துக்கு இணையான இது பிளாசுடிக்கை உருக்கப் போதுமானது. மின்னோட்டம் வரம்பு மீறாததால் உருகியோ மின்சுற்று முறிப்பானோ இதைத் தடுக்காது. மேலும், 6.5 ஆம்பியர் என்பது 6 ஆம்பியர் சாக்கெட்டின் வரம்பைக் கடந்தது. இத்தகைய கருவிக்கு 16 ஆம்பியர் சாக்கெட்டே ஏற்றது.

வரம்புகள்

மின்தடை எப்போதும் மாறாத எண் அன்று. 230 வோல்ட், 60 வாட் குண்டு விளக்கு எரியும்போது அதன் தடை 230² ÷ 60 = 882 ஓம். அணைத்து ஆறவிட்டு மல்டிமீட்டரால் அளந்தால் இதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே காட்டும். டங்குசுடன் இழையின் தடை வெப்பநிலையோடு உயர்வதே காரணம். குளிர்ந்த தடையை வைத்துத் திறனைக் கணித்தால் 600 வாட்டுக்கு மேல் என்ற தவறான விடை வரும். எனினும் சுவிட்சைப் போடும் கணத்தில் இழை அத்தகைய பெரும் மின்னோட்டத்தைத்தான் தாங்குகிறது. இவ்விளக்குகள் பெரும்பாலும் போடும்போதே பழுதாவது இதனால்தான்.

மாறுதிசை மின்னோட்டத்தில் மின்விசிறி போன்ற கருவிகளுக்கு, மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் கிடைப்பது மின்மறுப்பு ஆகும். பெருக்கினால் கிடைப்பது தோற்றத்திறன். உண்மைத் திறனைப் பெறத் தோற்றத்திறனைத் திறன் காரணியால் பெருக்க வேண்டும்.