ரீசில்வரிங்

ரீசில்வரிங் (பெ.): பிணையச் சேமிப்புக் கருவியின் வட்டுத் தொகுதியில் பழுதான வட்டுக்கு மாற்றாகப் புதியதைப் பொருத்தும்போது, எஞ்சிய வட்டுகளிலுள்ள தரவுகளைக் கொண்டு அதனை மீள நிரப்பும் பணி. கண்ணாடியின் பின்புறத்தில் தேய்ந்த வெள்ளிப்பூச்சை மீண்டும் பூசுவதைக் குறித்த இச்சொல், ஒரே தரவை இரு வட்டுகளில் எழுதும் முறை ‘மிரர்’, அதாவது முகம் பார்க்கும் கண்ணாடி, எனப் பெயர்பெற்றதை ஒட்டிக் கணினித்துறைக்கு வந்தது. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் உருவாக்கி 2005-இல் மூலநிரலை வெளியிட்ட இசட்எஃப்எஸ் என்னும் கோப்பு முறைமையில், வட்டு முழுவதும் படியெடுக்கப்படாமல், பயன்பாட்டிலுள்ள தரவு மட்டுமே ‘செக்சம்’ எனப்படும் சரிபார்ப்பு எண்ணால் சோதிக்கப்பட்டு எழுதப்படுவதால், பாதியே நிறைந்த தொகுதி விரைவில் சீரடைகிறது. பணி எவ்வளவு முடிந்தது என்பதைத் தொகுதியின் நிலைகாட்டும் திரையில் காணலாம்; அது நிறைவுறும்வரை தொகுதியின் காப்பு குறைந்தே இருக்குமாதலின், அதற்குள் மற்றொரு வட்டைக் கழற்றாதிருப்பது நிருவாகியின் கடமை.