மூளையில் ஒரு குமிழி

சைக்கிளின் ரப்பர்க் குழாய் ஓரிடத்தில் நைந்துவிட்டால், காற்றடிக்கும்போது அவ்விடம் மட்டும் குமிழியாகப் புடைத்தெழுவதை மாணவ நண்பர்களாகிய நீங்கள் கண்டிருப்பீர்கள். மூளைக்கு இரத்தம் கொண்டு செல்லும் தமனியின் சுவரிலும் அத்தகைய புடைப்பு உண்டாதல் கூடும். மருத்துவர் அதனை அனியூரிசம் என்பர். பல்லாண்டுகள் அது ஒரு தொல்லையும் தராது இருக்கலாம். வெடித்துவிட்டாலோ, அதுவரை அறியாத கொடிய தலைவலி. மூளையைச் சுற்றிலும் இரத்தப் பெருக்கு. முதற் பெருக்கில் பிழைத்தவரையும் சில நாட்களில் இரண்டாம் பெருக்கு கொண்டுபோய்விடலாம். அந்த இரண்டாம் வெடிப்பைத் தடுப்பது எங்ஙனம்? இதற்கு விடை தேடிய வரலாற்றையே இன்று கூற விழைகின்றேன்.

விடை எளிதன்று. புடைப்பை அடைக்க வேண்டும். அது முளைத்த தாய்க்குழாயை அடைக்கலாகாது. தொடக்கத்தில் அறுவை மருத்துவர் அறிந்த வழி, கழுத்திலுள்ள பெருந்தமனியைக் கட்டிவிடுதல். அதனால் புடைப்பில் இரத்தத்தின் அழுத்தம் தணியும். மூளைக்குச் செல்லும் இரத்தமும் குறையும். பக்கவாதம் நேரினும் நேரும். கரையில் ஓர் உடைப்பு கண்டதற்காக மதகையே மூடிவிட்டால் பயிர் என்னாகும்?

1931ஆம் ஆண்டு ஏப்ரல் 22ஆம் நாள், ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் நார்மன் டாட் என்னும் மருத்துவர் புடைப்பையே நேரில் நாடிச் சென்றார். நோயாளி ஒரு வழக்கறிஞர். மீண்டும் மீண்டும் இரத்தப் பெருக்கு ஏற்பட்டிருந்தது. வாளாவிருந்தால் மரணம் உறுதி என்ற நிலை. டாட் மண்டையோட்டைத் திறந்து புடைப்பை அணுகியதும் அது வெடித்தது. இரத்தம் பெருகிற்று. நோயாளியின் காலிலிருந்தே சிறிது தசையை எடுத்து, புடைப்பைச் சுற்றிப் பொதிந்து, 12 நிமிடம் அசையாது பிடித்திருந்தார். பெருக்கு நின்றது, வழக்கறிஞர் பிழைத்தார்.

எனினும், தசைப் போர்வை புடைப்பைத் தாங்குமேயன்றி நீக்காது. 1937 மார்ச் 23 அன்று, அமெரிக்காவின் பால்டிமோரில் வால்டர் டேண்டி அடுத்த அடியை எடுத்துவைத்தார். புடைப்பின் கழுத்தில் ஒரு சிறிய வெள்ளிக் கிளிப்பை இட்டு இறுக்கினார். புடைப்பு அடைபட்டது, தாய்க்குழாயில் இரத்தம் தடையின்றி ஓடிற்று.

இதற்கிடையே, தமனிகளில் மருந்து செலுத்தி எக்ஸ்ரே படம் எடுக்கும் முறையை 1927இல் லிஸ்பனில் எகாஸ் மோனிஸ் கண்டிருந்தார். அது பரவப் பரவ, புடைப்பின் இடத்தை அறுவைக்கு முன்னரே அறிய முடிந்தது. 1960களின் பிற்பகுதியில் சூரிக் நகரில் காஸி யாசர்கில் நுண்ணோக்கியின் துணையோடு அறுவை செய்து, நூலிழை போன்ற கிளைக்குழாய்களையும் காக்கும் வழியைக் காட்டினார்.

மண்டையைத் திறவாமலே புடைப்பை அடைக்க இயலுமா? 1959ஆம் ஆண்டு மே தினத்தன்று மாஸ்கோவில், குழந்தைகள் நூலால் பலூன்களை இயக்குவதைக் கண்ட செர்பினென்கோ என்னும் மருத்துவருக்கு ஓர் எண்ணம் உதித்தது. இரத்தக்குழாய் வழியாகவே சிறு பலூனைச் செலுத்தும் முறையை அவர் உருவாக்கி, 1974இல் வெளியிட்டார். ஆயினும் எல்லாப் புடைப்பின் வடிவுக்கும் பலூன் இசைந்து கொடுக்கவில்லை. இத்தாலியரான குய்டோ குல்யெல்மி, மெல்லிய பிளாட்டினக் கம்பிச் சுருளைப் புடைப்பினுள் நிரப்பி, சிறு மின்னோட்டத்தால் அதனைப் பிரித்துவிடும் முறையைக் கண்டார். 1990இல் லாஸ் ஏஞ்சல்ஸில் முதல் நோயாளிக்கு அது பயன்பட்டது.

எது சிறந்தது, கிளிப்பா, சுருளா? இரு முறைக்கும் ஏற்றவர்களென்று கருதப்பட்ட 2143 நோயாளிகளைக் கொண்டு நடந்த ஆய்வு 2002இல் வெளியாயிற்று. ஓராண்டு முடிவில் இறந்தவரும் பிறர் துணையின்றி வாழ இயலாதவரும், கிளிப் இட்டவரில் நூற்றுக்கு ஏறத்தாழ 31 பேர். சுருள் வைத்தவரில் 24 பேர். ஆயினும் சுருள் வைத்த புடைப்பு மீண்டும் திறந்துகொள்வதும் உண்டு. ஆதலின் புடைப்பின் இடமும் வடிவும் நோக்கி இரு முறைகளும் இன்றும் கையாளப்படுகின்றன.

முந்தியவர் முறையின் குறையை மறையாது எடுத்துரைத்தமையாலேயே பிந்தியவருக்கு வழி பிறந்தது. டாட்டின் தசைப் போர்வையை இன்று எவரும் முதல் வழியாகத் தேடார். ஆயினும் அந்த 12 நிமிடம் அவர் கை நடுங்கியிருந்தால், புடைப்பை நேரே அணுகலாம் என்னும் துணிவு மருத்துவ உலகிற்கு வர இன்னும் எத்தனை ஆண்டு ஆகியிருக்குமோ!