ரோடின் கீறிய ஹ்யூகோ

பிரெஞ்சுச் சிற்பி ரோடின் வடித்த விக்டர் ஹ்யூகோவின் மார்பளவுச் சிலையைப் பலர் அறிவர். அதே கை செப்புத் தகட்டில் ஊசியால் கீறித் தாளில் அச்சிட்டெடுத்த ஹ்யூகோவின் முகத்தைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. நமக்கென்னவோ சிலையைவிட அந்தச் சிறிய தாளே நெருக்கமாகப் படுகிறது.

1883-இல் ரோடின் அணுகியபோது ஹ்யூகோவுக்கு வயது 81. வேறொரு சிற்பிக்காகப் பலமுறை அமர்ந்து சலித்துப்போயிருந்த முதியவர், இனி எவருக்கும் அமர்வதில்லை என்று மறுத்துவிட்டார். வீட்டுக்கு வரலாம், பார்க்கலாம், அவ்வளவே. ரோடின் களிமண்ணைத் தாழ்வாரத்தில் வைத்துக்கொண்டார். கவிஞரை உற்றுப் பார்ப்பதும், சிகரெட் சுற்றும் மெல்லிய தாள்களில் அவசரமாக வரைவதும், ஓடிப்போய் மண்ணைப் பிசைவதுமாக நாட்கள் கழிந்தன. போகும் வழியிலேயே முகம் மனத்தில் மங்கிவிடும். மறுபடியும் திரும்பி வருவார். பின்னாளில் அவரே சொன்ன செய்தி இது.

ஊசிக்கீறல் முறையை 1881-இல் லண்டனில், பழைய நண்பர் அல்ஃபோன்ஸ் லெக்ரோவிடம் அவர் கற்றிருந்தார். இதில் அமிலத்துக்கு வேலையில்லை. ஊசி உழுத சாலின் ஓரத்தில் செம்பு பிசிறாக எழும்பி நிற்கும். அந்தப் பிசிறு மையைப் பிடித்துக்கொள்வதால் கோடு வெல்வெட்டுப் போல் கருக்கும். அச்சியந்திரத்தின் அழுத்தத்தில் பிசிறு விரைவில் நசுங்கிவிடும். முதலில் எடுத்த சில படிகளில் உள்ள கருமை பிந்தைய படிகளில் இராது.

1884-இல் முக்கால் பக்கத் தோற்றமும், 1885-இல் நேர்முகமும் தகட்டில் ஏறின. சிலை அதற்குள் முடிந்திருந்தது. ஆகவே இவை கவிஞரை எதிரே இருத்தி வரைந்தவை அல்ல. தன் கை ஏற்கெனவே மண்ணில் தடவி அறிந்த மண்டையோட்டையே ரோடின் மறுபடியும் தேடுகிறார். புறக்கோட்டை நம்பாமல், நெற்றியின் மேட்டிலும் கன்னத்தின் பள்ளத்திலும் சிறு கோடுகளை வளைவோடு வளைவாக இழுத்துச் செல்கிறார். தாளில் செதுக்கியதுபோல் அந்தத் தலை திரண்டு நிற்பது அதனால்தான். ஹ்யூகோவும் நாவலுக்கும் கவிதைக்கும் இடையே மையைக் கொட்டியும் தேய்த்தும் ஆயிரக்கணக்கில் ஓவியம் வரைந்தவர் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

1885 மே 22 அன்று ஹ்யூகோ மறைந்தார். அசையாமல் கிடந்த அந்த முகத்திலிருந்து அச்சு எடுக்கும் வாய்ப்பு ரோடினின் நண்பரான சிற்பி தாலூவுக்குப் போயிற்று.