சக்கரமும் சோழியும்

நிரந்தர நாட்காட்டிக் கைக்கடிகாரத்தின் முகப்புத் தகடு திறந்த வேலைப்பாடாக இருந்தால், அதன் ஞாபகத்தையே கண்ணால் பார்க்கலாம். பலவற்றில் அது 48 மாதங்களுக்கான வெட்டுகள் கொண்ட ஒரு சக்கரம். நாலாண்டுக்கு ஒரு சுற்று. குறைந்த நாள் மாதத்துக்கு ஆழமான வெட்டு. பட்டேக் பிலிப் 1925இல் இதை மணிக்கட்டுக்குக் கொண்டுவந்தது. கடிகாரம் நின்றுபோனால் விளிம்புப் பொத்தான்களை அழுத்தித் தேதியைத் திருத்த வேண்டும். பற்கள் கோத்திருக்கும் நள்ளிரவை ஒட்டி அழுத்தினால் பழுதாகலாம். 2100இல் பெப்ரவரி 29 கிடையாது என்பது அந்தச் சக்கரத்துக்குத் தெரியாது.

அதற்கு நூறாண்டு முன்பு, 1825இல், புதுச்சேரித் தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் ஒருவர் தரையில் சோழி பரப்பிச் சந்திர கிரகணம் கணித்ததை ஜான் வாரன் ‘கால சங்கலித’ நூலில் பதிந்தார். தொடக்கம் 4 நிமிடம் பிசகியது, நடு 23, முடிவு 52. அட்டவணைகள் முழுவதும் வாக்கியங்களாக அவர் மனப்பாடத்தில் இருந்தன. கணினித் தொழிலில் இருக்கும் எனக்கு இதுதான் பெரிய பொறி.

வாக்கியப் பஞ்சாங்கத்தின் ஆண்டு 365 நாள், 6 மணி, 12½ நிமிடம். அந்த 12½ நிமிடம் சேர்ந்து சேர்ந்து சுமார் 115 ஆண்டில் ஒரு நாளாகிவிடும். நாலாண்டுச் சக்கரம் அதைத் தாங்காது. மாதப்பிறப்போ சூரியன் ராசி மாறும் கணத்தில். தமிழக வழக்கில் அது அஸ்தமனத்துக்கு முன் என்றால் அன்றே முதல் நாள். சென்னையில் பிற்பகல் 2 மணிக்குச் சித்திரை பிறந்தால் வென்ட்வேர்த்வில்லில் 6.30, இங்கே ஏப்ரல் நடுவில் அதற்குள் இருட்டிவிடும். நம் வீட்டுச் சுவரில் தொங்கும் தாள் சென்னைக்குக் கணித்தது.